பாறை எழுத்தும் பாலை வழியும்

திருப்பயணம் செல்வோர் பெரும்பாலும் கோவில்களையும் கல்லறைகளையும் காணவே செல்கின்றனர். நாங்களும் அவ்வாறே புறப்பட்டோம். 2019ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் மதுரையிலிருந்து 34 பேர் கொண்ட குழுவாக யோர்தான் நாட்டின் வழியே எருசலேமுக்குச் சென்றோம். நெபோ மலை, பெத்ரா நகர், யோர்தான் ஆறு என்று நிகழ்ச்சி நிரல் நீண்டிருந்தது. அதில் ஒரு வரி மட்டும் எவருக்கும் விளங்கவில்லை. 'வாதி ரம் பாலை நிலத்தில் வழிகாட்டியுடன் ஜீப் பயணம், 4 மணி நேரம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த நேரத்தை எருசலேமில் செபத்தில் கழிக்கலாமே என்று சிலர் முணுமுணுத்தனர். முணுமுணுத்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

வாதி என்னும் அரபுச் சொல்லுக்கு, மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் பள்ளத்தாக்கு என்று பொருள். ரம் என்பது ஊரின் பெயர். யோர்தான் நாட்டின் தெற்கு எல்லையை ஒட்டி, அக்கபாத் துறைமுகத்திற்குக் கிழக்கே இப்பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. எங்கும் செம்மணல். அந்த மணலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை மலைகள். ரம் மலை 1,754 மீட்டர் உயரமுடையது. மலைக்கும் மலைக்கும் இடையே இடுக்குகள். சில இடுக்குகளில் இருவர் தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாது.

ஊரின் எல்லையில் பேருந்தை நிறுத்திவிட்டு, பின்புறம் பலகை இருக்கைகள் பொருத்திய திறந்த டொயோட்டா வண்டிகளில் ஏறினோம். எங்கள் வண்டியை ஓட்டியவர் அவ்வூரையே சேர்ந்த பதூயின் இளைஞர். அரபு நாட்டுப் பாலைகளில் ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்த நாடோடி மக்களின் வழிவந்தவர். மணல் தொடங்கும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் பாதிக் காற்றை இறக்கினார். சக்கரம் பஞ்சராகிவிட்டதோ என்று நம்மவர்கள் பதறினர். காற்றுக் குறைந்தால் சக்கரம் தட்டையாகப் பரவி மணலின் மேல் மிதந்து செல்லும்; காற்று நிறைந்திருந்தால் மணலைக் குடைந்துகொண்டு புதையும் என்று அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். ஒட்டகத்தின் பாதமும் அப்படித்தான் என்று தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிறகு, முன்னரே விழுந்திருந்த சக்கரத் தடத்தை விட்டு விலகாமல் ஓட்டினார். காரணம் கேட்டோம். புதுத் தடம் பதிந்தால் மழையை எதிர்பார்த்து மணலுக்குள் காத்திருக்கும் வேர்கள் நசுங்கும். ஆடுகளுக்கு மேய்ச்சல் அற்றுப்போகும் என்றார். எங்களுக்கு வெறும் மணலாகத் தெரிந்தது அவருக்கு மேய்ச்சல் நிலமாகத் தெரிந்தது.

முதலில் ஓர் ஊற்றைக் காட்டினார். மலையின் மேற்பகுதி மணற்பாறை, அடிப்பகுதி கருங்கல். மணற்பாறை மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளிறங்கும் நீர் கருங்கல்லை எட்டியதும் மேலும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் கசியும். இருவகைப் பாறையும் சந்திக்கும் கோட்டில்தான் ஊற்றுகள் பிறக்கின்றன. அந்தக் கோட்டை அறிந்தவன் பாலையில் பிழைப்பான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அதை அறிந்திருந்தவர்கள் நபத்தேயர்கள். ஊற்று நீரைப் பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியாகக் கீழே கொண்டுவந்து, அல்லாத்து என்னும் தங்கள் பெண் தெய்வத்துக்கு அங்கே கோவிலும் எழுப்பினர். அக்கோவிலின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. 1930களில் அவற்றை அகழ்ந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்தவர்களுள் ஒருவர் எருசலேம் விவிலியக் கல்லூரியைச் சேர்ந்த தொமினிக்கன் துறவி சவிஞ்ஞாக். பிற சமயத்தாரின் கோவிலையும் எழுத்தையும் அவ்வளவு பொறுமையோடு ஒரு குரு படித்தார் என்பதை அந்த நேரத்தில் வியப்போடு மட்டுமே கேட்டுக்கொண்டோம்.

நபத்தேயர் நமக்கு அறிமுகமில்லாதவர் அல்லர். தமஸ்கு நகரில் புனித பவுலைப் பிடிக்க அரேத்தா மன்னனின் ஆளுநன் காவல் வைத்ததும், பவுல் கூடையில் அமர்ந்து மதில் வழியே தப்பியதும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் வருகின்றன. அந்த அரேத்தா நபத்தேயரின் அரசன். அவன் மகளைத்தான் ஏரோது அந்திப்பா முதலில் மணந்திருந்தான். அவளைத் தள்ளிவிட்டு ஏரோதியாளைச் சேர்த்துக்கொண்டதைக் கண்டித்ததற்காகவே திருமுழுக்கு யோவான் தலையை இழந்தார். ஞாயிறுதோறும் நாம் வாசிக்கும் நற்செய்தியின் பின்புலத்தில் இந்தச் செம்மணல் நாட்டு அரசவை நின்றுகொண்டிருந்திருக்கிறது. மனமாறிய பின் தாம் அரேபியாவுக்குச் சென்றதாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதுவதும் இந்நாட்டையே குறிக்கும் என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து.

அடுத்துக் கசலி என்னும் மலையிடுக்குக்குச் சென்றோம். வெளியே வெயில் சுட்டது, உள்ளே குளிர்ச்சி. சுமார் நூறு மீட்டர் ஆழத்திற்கு நடக்கலாம். இருபுறப் பாறைகளிலும் ஆள் உயரத்திற்கும் மேலே உருவங்கள் கீறப்பட்டிருந்தன. ஒட்டகங்கள், மான்கள், மனிதர்கள், இணை இணையாகப் பாதங்கள். அவற்றினிடையே எழுத்துகள். நபத்தேய எழுத்து சில. இசுலாமியர் வந்த பின் எழுதிய அரபு எழுத்து சில. அவற்றினும் வேறான, தமூதிய எழுத்து என்று பொதுவாக அழைக்கப்படும் கீறல்கள் மிகப் பல. அப்பாலை முழுவதிலும் 25,000 பாறை உருவங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாக யுனெஸ்கோ கணக்கிட்டு, 2011இல் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அவற்றில் என்னதான் எழுதியிருக்கிறது? பெரும்பாலானவை அரசர் ஆணைகள் அல்ல. இன்னாரின் மகன் இன்னார் எழுதியது. இந்த ஒட்டகத்தை வரைந்தவர் இன்னார். இறைவா, இன்னாரை நினைத்தருள்வாய். இவ்வளவே. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிய ஆயர்களும் வணிகரும் ஓய்ந்த வேளையில் கல்லால் கல்லைக் கீறித் தம் பெயரை விட்டுச் சென்றிருக்கின்றனர். அரண்மனையோ ஏடோ காக்காத அப்பெயர்களைப் பாறை காத்து வைத்திருக்கிறது.

இதை எம் மக்களுக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தபோது, குழுவில் இருந்த ஒரு மூதாட்டி பாறையைத் தொடாமல் உற்று நோக்கியபடி சொன்னார்: "சாமி, எங்க ஊரு மலையிலயும் இப்படிக் கீறுன எழுத்து இருக்கு. பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்லுவாங்க. சின்னப் பிள்ளையில ஆடு மேய்க்கும்போது மழை வந்தா நாங்க அதுலதான் ஒதுங்குவோம்."

"எந்த ஊர் அம்மா?" என்றோம்.

"கீழவளவுதான் சாமி. உங்களுக்குத் தெரியாதா? மேலூர்ப் பக்கம் ஆறு வருசம் இருந்தீங்களே!"

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அறியாமல் கேட்ட கேள்விதான். ஆயினும் எமக்கு மறுமொழி வரவில்லை. ஆறு ஆண்டுகள் அந்த மலையின் அடிவாரத்தைச் சுற்றிய சாலையில் திருப்பலிக்கும் நோயில்பூசுதலுக்கும் எத்தனையோ முறை சென்று வந்தோம். ஒருமுறையும் மேலேறிப் பார்த்ததில்லை. கடல் கடந்து, கட்டணம் செலுத்தி, வேற்று நாட்டு இளைஞர் ஒருவர் கைகாட்டிய பிறகே பாறையில் எழுத்து இருப்பதைக் கண்டோம்.

திரும்பும் வழியில் அந்த ஓட்டுநர் அடிக்கடி வடமேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டார். மேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. எதற்குப் பார்க்கிறீர் என்றதற்கு, இங்கே பெய்யாவிட்டாலும் எங்கோ பெய்த மழை இடுக்கு வழியாக வரும் என்றார். முந்தின நாள் பெத்ராவில் கேட்டது நினைவுக்கு வந்தது. 1963 ஏப்ரல் மாதத்தில், பெத்ராவின் நுழைவாயிலான சீக் என்னும் மலையிடுக்கில் பிரான்சு நாட்டுத் திருப்பயணிகள் சென்றுகொண்டிருந்தபோது திடீரென வெள்ளம் புகுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் விவிலிய அறிஞராகிய அருட்தந்தை ழான் ஸ்டெயின்மன். பாலையைப் பற்றி எவ்வளவோ படித்தவர். நபத்தேயர் அந்த வாயிலில் அணையிட்டு, மலையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு வழியில் திருப்பியிருந்தனர். நூற்றாண்டுகளின் போக்கில் அந்த அணை சிதைந்துபோனது. விபத்துக்குப் பின்னரே அவர்கள் கட்டிய இடத்திலேயே மீண்டும் அணை எழுப்பப்பட்டது. நாங்கள் செல்வதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 2018 அக்டோபரிலும் சாக்கடல் அருகே ஒரு பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து 21 உயிர்களைக் கொண்டுபோனது. பலர் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள். முன்னோர் எழுதி வைத்ததையும் கட்டி வைத்ததையும் மறந்த நிலம் எவ்வளவு கடுமையாக நினைவூட்டுகிறது!

எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. சீனாயை விட்டுப் புறப்படும் மோசே, மிதியானியனான ஓபாபு என்பவரைத் தம்முடன் வருமாறு அழைக்கிறார். அவர் மறுத்து, தம் சொந்த நாட்டுக்குத் திரும்பப்போவதாகச் சொல்கிறார். மோசே விடவில்லை. பாலையில் எங்கே பாளையம் இறங்கலாம் என்பது உமக்குத்தான் தெரியும், நீர் எங்களுக்குக் கண்ணாயிருக்க வேண்டும் என்று மன்றாடுகிறார். இரவில் நெருப்புத் தூணும் பகலில் மேகத் தூணும் முன்செல்லும் மக்களுக்கு, அந்த மண்ணில் பிறந்த ஒரு வேற்றினத்தாரின் கண்ணும் தேவைப்பட்டிருக்கிறது. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது மூல ஏடுகளின் பிரிவைப் பற்றித்தான் தேர்வில் எழுதினோம். அதன் பொருள் அந்தத் திறந்த வண்டியில் தூசியை விழுங்கிக்கொண்டிருந்தபோது விளங்கியது. மிதியான் நாடும் அந்த மணல்வெளிக்குத் தெற்கேதான் இருந்தது.

மதுரை மறைப்பணியின் வரலாற்றிலும் இத்தகைய கண்கள் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி அடிகளுக்கு வடமொழியைக் கற்பித்தவர் சிவதர்மர் என்னும் அந்தணர். அவர் திறந்துவிட்ட கதவின் வழியேதான் அடிகள் இந்நாட்டின் அறிவுலகிற்குள் நுழைந்தார். அடிகளின் பெயரை நம் பிள்ளைகள் அறிவர். சிவதர்மரின் பெயரை அறிந்தவர் சிலரே.

ஊர் திரும்பியதும், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில், அந்த மூதாட்டியின் பேரனை வழிகாட்டியாகக் கொண்டு கீழவளவு சென்றோம். கல் குவாரிகள் வெட்டிய பெரும் பள்ளங்களைக் கடந்து செல்லும் வழி அது. நிலத்தைச் செங்குத்தாக அறுத்து எடுத்த அப்பள்ளங்களில் பச்சை நிறத்தில் நீர் தேங்கிக் கிடந்தது. பள்ளத்தாக்கைக் காண யோர்தான் வரை செல்ல வேண்டியதில்லை போலும். ஆனால் இவை நீரும் காற்றும் செதுக்கியவை அல்ல. பஞ்சபாண்டவர் மலையின் குகைத்தளத்தில் சமணத் துறவியர் படுத்துறங்க வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்தக் காடியோடு சொட்டி விழும். அதன் கீழே, நனையாத இடத்தில், தமிழி எழுத்து. சில எழுத்துகள் வழக்கத்திற்கு மாறாகத் திருப்பி எழுதப்பட்டிருக்கின்றன. தொண்டியைச் சேர்ந்த ஓர் அடியவர் இந்தப் பள்ளியைச் செய்து கொடுத்தார் என்பது அதன் பொருள். தொண்டி என்னும் பெயரில் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் துறைமுகங்கள் இருந்தன. எதுவாயினும், கடலோர ஊரான் ஒருவன் உள்நாட்டு மலை வரை வந்து துறவியர்க்கு நிழல் அமைத்திருக்கிறான்.

அதன்பின் ஒவ்வொரு மலையாக ஏறினோம். மதுரையைச் சுற்றி மாங்குளம், அரிட்டாபட்டி, கருங்காலக்குடி, திருவாதவூர், அழகர்மலை, திருப்பரங்குன்றம், விக்கிரமங்கலம், கொங்கர்புளியங்குளம் எனப் பத்துக்கும் மேற்பட்ட மலைகளில் இத்தகைய எழுத்துகள் உள்ளன. மாங்குளம் எழுத்தை 1882இல் முதலில் கண்டவர் இராபர்ட் சீவெல் என்னும் ஆங்கில அதிகாரி. அது எம்மொழி என்பதே பல்லாண்டுகள் தெளிவாகவில்லை. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இக்குகை எழுத்துகள் தமிழே என்று நிறுவினார். 1965இல் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயரைப் படித்தறிந்தார். சங்க நூல்களில் மட்டும் வாழ்ந்த பெயர் பாறையிலும் கிடைத்தது. அக்கல்வெட்டுகளைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என அவர் கணித்தார். அரசனோடு அவன் பணியாளன் கடலன் வழுதியின் பெயரும், வெள்ளறை ஊர் வணிகர் குழுவின் பெயரும் அங்கே உள்ளன.

எம்மை அதிகம் தொட்டது அழகர்மலை. அங்கே அரசர் எவரும் இல்லை. உப்பு வணிகன், துணி வணிகன், கொழு வணிகன், வெல்லப்பாகு வணிகன், பொற்கொல்லன் ஆகியோர் தத்தம் பெயரையும் தொழிலையும் பொறித்திருக்கின்றனர். ஏர் முனைக்குரிய இரும்பை விற்றவன் தன் காசில் ஒரு பங்கைத் துறவியின் படுக்கைக்குக் கொடுத்திருக்கிறான். கசலி மலையிடுக்கில் ஒட்டகத்தை வரைந்தவனும் இவனும் ஏறத்தாழ ஒரே காலத்து மனிதர்கள். அவர்கள் சந்தித்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் உலகங்கள் தொடர்பற்றவையும் அல்ல. செங்கடல் கரையில், எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு 1995இல் கிடைத்தது. தமிழ்நாட்டு மிளகு சென்ற கடலும் நபத்தேயரின் நறுமணப் பொருள் சென்ற கடலும் ஒன்றே.

ஓர் ஒப்புமையைச் சொல்லியாக வேண்டும். வாதி ரம் மக்கள் தம் பாறைகளின் மதிப்பை இயல்பாகவே பெற்றுவிடவில்லை. 1917இல் ஆங்கிலப் படைவீரர் லாரன்சு அவ்வழியே சென்றார். அவ்வாண்டின் இறுதியில் அந்த மணல்வெளியை அடுத்து முதன்முதலாகக் கவசக் கார்கள் ஓடின. 1931இல் ஒட்டகக் காவல்படை அமைந்தது. 1962இல் வெளிவந்த திரைப்படம் அப்பாலையை உலகுக்குக் காட்டியது. 1980களில் வந்த மலையேறிகளுக்கு அவ்வூர் ஆயர்கள் வழிகாட்டினர். இன்று அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் வண்டி ஓட்டிப் பிழைக்கின்றனர். வண்டிகள் பெருகியதால் மணலுக்கும் கீறல்களுக்கும் சேதம் உண்டு; உருவங்களின் மீது தம் பெயரைக் கீறிச் சென்ற பயணிகளையும் கண்டோம். எனினும் பாறை நிற்கிறது. அது நிற்பதால் அவ்வூரார்க்குச் சோறு கிடைக்கிறது.

நம் மலைகளுக்கு வந்த சோதனை வேறு. பாறையே விலைபொருள் ஆகிவிட்டது. அரிட்டாபட்டி மக்கள் அதை எதிர்த்து நின்றவர்கள். அவர்களுடைய ஊரும் மாங்குளம் எழுத்துகள் உள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 எக்டேர் நிலப்பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், அப்பகுதியையும் உள்ளடக்கிய பரந்த நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. மேலூர் வட்டாரத்து உழவர்கள் கண்மாய்க் கரைகளிலும் கோவில் திடல்களிலும் கூடினர். மதுரை வரை திரண்டு வந்தனர். 2024 டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. மலை பிழைத்தது. அதைக் காத்தவர்கள் மலையில் ஏறி இறங்கி, அதன் சுனையில் நீர் குடித்து வளர்ந்த மக்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாவிடினும், அங்கே எழுத்து இருக்கிறது என்பதை அறிந்தவர்கள்.

கீழவளவு மூதாட்டி 2021இல் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியில் அவரைப் பற்றிப் பேசும்போது, அவர் பங்குக்குச் செய்த உதவிகளைச் சொன்னோம். செபமாலை இயக்கத்தில் அவர் ஆற்றிய பணியைச் சொன்னோம். ஈராயிரம் ஆண்டுத் தமிழ் எழுத்தை எமக்குக் காட்டியவர் அவர் என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம். அந்தக் கடன் இக்கட்டுரையில் ஓரளவேனும் தீரட்டும்.

ஓபாபு மோசேக்கு என்ன மறுமொழி கூறினார் என்பதை எண்ணிக்கை நூல் எழுதவில்லை. மோசே கேட்டார் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. கேட்பதுதான் நம் பங்கு போலும். வருகிற கோடை விடுமுறையில் எம் பங்கின் இளைஞர்களை அழகர்மலைக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். ஜீப் வேண்டியதில்லை, கிடாரிப்பட்டி வரை நகரப் பேருந்து, அங்கிருந்து நடை. ஆடு மேய்க்கும் ஒருவரிடம் வழி கேட்டுக்கொள்வோம்.